கூரைத்தளத்துக் கலைக்காட்சி: மார்செய் நகரத்து அநுபவமும் சில சிந்தனைகளும்

கலைப்படைப்பை அது வைக்கப்பட்டுள்ள இடத்திலிருந்து பிரித்து நோக்குவது எம்மிடையே ஊறிப்போன வழக்கமாகும். ஓவியத்தின் சிறப்பை ஆராயும் நாம், அது தொங்கும் சுவர் யாருக்கு உரியது என்று வினவுவதில்லை. 2016 ஆம் ஆண்டுக் கோடையில், பிரான்சின் தென்கரைத் துறைமுக நகராகிய மார்செயில் இரு நாள்கள் தங்கியிருந்தபோது நாம் கண்ட கலைக்காட்சி ஒன்று இவ்வினாவைத் தவிர்க்க முடியாததாக்கிற்று. அது நடைபெற்ற இடம், மக்கள் வாழும் அடுக்குமாடிக் குடியிருப்பொன்றின் கூரைத்தளமாகும்.

'ஒளிரும் நகர்' எனப் பொருள்படும் பெயரால் வழங்கும் அக்குடியிருப்பு, கட்டடக் கலைஞர் லு கோர்பூசியேயின் திட்டப்படி 1947 க்கும் 1952 க்கும் இடையில் எழுப்பப்பட்டது. இரண்டாம் உலகப் போரில் வீடிழந்தோரின் தேவையை முன்னிட்டுப் பிரெஞ்சு அரசு மேற்கொண்ட மீள்நிர்மாணப் பணிகளுள் அதுவும் ஒன்று. பருத்த கொங்கிறீற்றுத் தூண்கள் தாங்கும் 18 தளங்களில் 337 வீடுகள் அமைந்துள்ளன. நடுத்தளத்திலே ஒரு கடைவீதியும் உண்டு. உள்ளூர் மக்கள் தொடக்கத்தில் அதனைப் 'பித்தனின் வீடு' என்று எள்ளி நகையாடினர்.

கட்டடம் நிலத்தில் கவர்ந்துகொள்ளும் பரப்பைக் கூரையிலே மீளக் கொடுத்தல் வேண்டும் என்பது, லு கோர்பூசியே 1920களில் வகுத்த ஐந்து கோட்பாடுகளுள் ஒன்றாகும். இங்கு அது செயலுருப் பெற்றது. பாலர் பாடசாலை, சிறுவருக்கான ஆழமற்ற குளம், ஓடுபாதை, உடற்பயிற்சிக்கூடம், திறந்தவெளி மேடை ஆகியன உச்சியில் இடம்பெற்றன. கடலும் குன்றுகளும் ஒருங்கே தோன்றும் அவ்வுயர்ந்த இடம் செல்வரின் மாடமாகாது, குடியிருப்போர் அனைவருக்கும், சிறப்பாகக் குழந்தைகளுக்கு, உரித்தாக்கப்பட்டமையே அத்திட்டத்தின் சமூக உள்ளடக்கம் எனலாம்.

எனினும், அவ்வுள்ளடக்கம் நிலைபெறவில்லை. அரசுடைமையாயிருந்த வீடுகள் 1950களிலேயே தனியாருக்கு விற்கப்படலாயின. உடற்பயிற்சிக்கூடமும் காலப்போக்கில் தனியுடைமையாகி, அதனோடு பொருந்தாத ஒரு கட்டுமானமும் சேர்க்கப்பட்டது. மார்செயிற் பிறந்த வடிவமைப்பாளர் ஓரா இத்தோ அக்கூடத்தை வாங்கி, பிற்சேர்க்கையை அகற்றிப் புதுப்பித்து, 2013 இல் 'மாமோ' என்னும் கலை நிலையமாகத் திறந்தார். நியூயோர்க்கின் நவீன கலை அரும்பொருளகத்தின் சுருக்கப் பெயரான 'மோமா'வை நினைவூட்டும் சொல்விளையாட்டு அது. சேவியே வேலான், டானியல் பூரென், டான் கிறகாம் ஆகியோரின் காட்சிகள் அங்கு ஆண்டுக்கொன்றாக நடைபெற்றன.

நாம் சென்றபோது பெலிச்சே வரீனியின் படைப்புக்கள் வைக்கப்பட்டிருந்தன. வரீனி திரைச்சீலையில் வரைபவரல்லர். கட்டடத்தின் மீதே நிறந்தீட்டுபவர். சுவரிலும் தூணிலும் சிதறுண்டு கிடக்கும் வண்ணத் துண்டுகள், குறித்த ஓரிடத்தில் நின்று நோக்கும்போது மட்டும் ஒன்றுகூடி நிறைவான வடிவமாகும். ஓரடி விலகினால் வடிவம் குலைந்துவிடும். வந்தோர் பலரும் அந்த ஓரிடத்தைத் தேடி நின்று, படமெடுத்துக்கொண்டு அகன்றனர். நாமும் அவ்வாறே செய்தோம் என்பதை மறைப்பதற்கில்லை.

பின்னரே அக்கலைமுறை உணர்த்தும் உண்மை எமக்குப் புலனாயிற்று. வரீனியின் வடிவத்தைப் போலவே, அக்கூரைத்தளமும் நிற்கும் இடத்தைப் பொறுத்து வேறுபடுகின்றது. இரு நாள் விருந்தினருக்கு அது காட்சிக்கூடம். மேலே ஏறிவரும் குழந்தைக்கு அது முற்றம். அதே ஆண்டு யூலை மாதத்தில் இக்கட்டடம், லு கோர்பூசியேயின் வேறு 16 ஆக்கங்களோடு யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்க்கப்பட்டது. புகழ் பெருகிற்று; ஆனால், வீடிழந்தோரை எண்ணி எழுந்த அவ்விடத்தில் இன்று வாழ்வோர் பெரும்பாலும் நடுத்தர வகுப்பினரே.

இதனாற் கலை நிலையத்தைப் பழிப்பது எமது நோக்கமன்று. சிதைந்திருந்த கூடத்தை மீட்டதும், புறத்தாரைக் கூரைக்கு அழைத்ததும் அதுவே. பொதுவுடைமை கைநழுவியமை அதற்கு முன்னரே நிகழ்ந்துவிட்டது. ஆயினும், இழந்த பொதுவிடத்துக்குக் கலை ஈடாகிவிடும் என எண்ணுதல் மயக்கமேயாகும்.

இவ்வினா எமது நாட்டுக்கும் புறம்பானதன்று. லு கோர்பூசியேயின் நட்பைப் பெற்றிருந்த இலங்கைக் கட்டடக் கலைஞர் மினெற் டி சில்வா, 1950களிற் கண்டி வட்டபுளுவையில் வீடமைப்புத் திட்டமொன்றை வகுத்தபோது, அங்கு குடியேறவிருந்தோரிடம் வினாக்கொத்து வழங்கி அவர்தம் தேவைகளை முதலிற் கேட்டறிந்தார். கூரையில் எதனை வைப்பது என்னும் வினாவுக்கும், வாழ்வோரைக் கேட்ட பின்னரே விடை காணல் தகும். கலைஞனைக் கேட்பது அதன் பின்னர் அமையலாம்.