அடுப்பை மாற்றுமுன் ஒரு கணக்கு

சென்ற மாதம் நம் சங்கக் கூட்டம் முடிந்து காப்பி அருந்திக்கொண்டிருந்த வேளையில் உறுப்பினர் ஒருவர் என்னருகே வந்தார். "சார், நீங்கள் ரயில்வேயில் எஞ்சினியராக இருந்தவர். எங்கள் வீட்டுக் கேஸ் அடுப்பு பாழாகிவிட்டது. விலை குறைவாக, நல்லதாக ஒன்று சொல்லுங்களேன்" என்றார். ரயில் எஞ்சினுக்கும் கேஸ் அடுப்புக்கும் என்ன உறவு என்று அருகிலிருந்த நண்பர்கள் சிரித்தார்கள். உறவு இருக்கிறது. பொன்மலைப் பணிமனையில் நான் பயிற்சியில் இருந்த காலத்தில் நீராவி எஞ்சின்கள் பழுதுபார்க்க வந்துகொண்டிருந்தன. புகைபோக்கியில் கரும்புகை வந்தால் காற்று போதவில்லை, கரி வீணாகிறது என்பது எங்களுக்கு முதல் பாடம். வீட்டு அடுப்பில் சுடர் மஞ்சளாக எரிந்து பாத்திரத்தின் அடி கறுத்தால் அதற்கும் பொருள் அதுவே.

இன்னொரு தகுதியும் எனக்கு உண்டு. அடுப்பு வாங்குவதில் ஒருமுறை ஏமாந்தவன் நான். பட்டவன் சொல்வதைக் கேட்டால் பணமும் மிஞ்சும், ஆபத்தும் குறையும் என்ற எண்ணத்தில் இதை எழுதுகிறேன்.

முதலில் பழைய அடுப்பைப் பாருங்கள்

அடுப்பு சரியாக எரியவில்லை என்றதும் நம்மில் பலர் சாலைக் கம்போளத்துக்குப் புறப்பட்டுவிடுகிறோம். சற்றுப் பொறுங்கள். எல்.பி.ஜி. அடுப்பு வேலை செய்யும் விதம் மிக எளியது. சிலிண்டரிலிருந்து வரும் வாயுவை ரெகுலேட்டர் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 30 கிராம் என்ற மிகக் குறைந்த அழுத்தத்துக்கு இறக்கித் தருகிறது. அந்த வாயு 'ஜெட்' எனப்படும் ஊசித் துளை வழியே பாய்கிறது. பாயும் வேகத்தில் பக்கத்துக் காற்றையும் இழுத்துக்கொண்டு குழாய்க்குள் கலந்து, பர்னர் துளைகளில் நீல நிறமாக எரிகிறது. அவ்வளவுதான் சங்கதி.

ஆகவே சுடர் மஞ்சளானால் பெரும்பாலும் காற்று வரும் வழி அடைத்திருக்கும். கரப்பான் பூச்சியும் சிலந்தியும் அந்தக் குழாய்க்குள் குடியிருப்பது நம் ஊரில் சகஜம். சுடர் சிறுத்துப்போனால் ஜெட் அடைத்திருக்கலாம். நாப் திருகக் கடினமாக இருந்தால் உள்ளேயுள்ள கிரீஸ் காய்ந்திருக்கும். இவையெல்லாம் சில நூறு ரூபாயில் தீரும் குறைகள். ஆனால் குண்டூசியால் ஜெட்டைக் குத்தாதீர்கள். துளை சற்றே பெரிதானாலும் வாயு கூடுதலாக வரும், காற்று ஈடுகொடுக்காது, சுடர் என்றைக்கும் மஞ்சள்தான். ஜெட்டை மாற்றுவதே முறை.

அடித்தகடு துருவேறி ஓட்டை விழுந்தாலும், பர்னர் வெடித்தாலும் கோணினாலும், கிரீஸ் போட்ட பிறகும் நாப் அருகே சோப்பு நீர் குமிழியிட்டாலும் மட்டுமே அடுப்பை மாற்றுங்கள். ரப்பர் குழாயை மட்டும் இந்தச் சிக்கனத்தில் சேர்க்கவேண்டாம். உள்ளே கம்பி வலையுள்ள ஐ.எஸ்.ஐ. குழாயையே வாங்கி, ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிடவேண்டும்.

கண்ணாடியா, எவர்சில்வரா?

நான் ஏமாந்தது இங்கேதான். ஓய்வு பெற்ற புதிதில், கையில் கொஞ்சம் பணம் இருந்த சமயம், பளபளவென்று கறுப்புக் கண்ணாடி பதித்த மூன்று பர்னர் அடுப்பொன்றைத் தள்ளுபடி விலையில் வாங்கிவந்தேன். "இத்தனை மலிவாக எப்படித் தருகிறான்?" என்று என் மனைவி கேட்டாள். எஞ்சினியரான எனக்கு அந்தக் கேள்வி தோன்றவில்லை!

ஓணத்தன்று பாயசத்துக்குப் பெரிய வெண்கல உருளியை ஏற்றினோம். உருளியின் விளிம்பு பர்னரைத் தாண்டிக் கண்ணாடியின் மேல் அகலமாகக் கவிந்திருந்தது. அரை மணி நேரம் கழித்துப் பட்டாசு வெடித்ததுபோல் ஒரு சத்தம். கண்ணாடி முழுதும் கற்கண்டுபோல் நொறுங்கிக் கீழே கொட்டியது. உருளி சாய்ந்து, கொதிக்கும் பாயசம் மேடையில் வழிந்தது. என் மனைவி அந்த நேரம் தேங்காய் எடுக்கத் திரும்பியிருந்தாள். காலில் ஒரு சிறு கீறலோடு போயிற்று. அரை அடி முன்னால் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நினைக்கவும் மனம் வரவில்லை. கடையில் கேட்டபோது, கண்ணாடிக்கு வாரண்டி இல்லை என்று அட்டையின் பின்புறம் பொடி எழுத்தில் இருந்ததைக் காட்டினார்கள்.

கடுமையாகச் சூடாக்கிச் சட்டென்று குளிர்வித்துப் பலப்படுத்திய கண்ணாடி அது. தட்டையாக விழும் பாரத்தை நன்றாகத் தாங்கும். ஆனால் விளிம்பில் சிறு அடி பட்டாலும், ஓரிடம் மட்டும் மிகச் சூடேறினாலும், சூட்டில் குளிர்ந்த நீர் பட்டாலும் முழுதும் ஒரே கணத்தில் நொறுங்கிவிடும். கண்ணாடி அடுப்பே கூடாது என்று நான் சொல்லவில்லை. துடைப்பதற்கு எளிது, பார்க்க அழகு. சிறிய பாத்திரத்தில் இருவருக்குச் சமைக்கும் வீட்டுக்குப் பொருந்தும். உருளியும் பெரிய குக்கரும் ஏறும் வீட்டுக்கு எவர்சில்வர் அடுப்பே உத்தமம். விலையும் குறைவு. இரண்டு பர்னர் எவர்சில்வர் அடுப்பு 2,000 முதல் 3,000 ரூபாய்க்குள் நல்லதாகவே கிடைக்கிறது.

கடையில் பார்க்கவேண்டியவை

முதலாவது, ஐ.எஸ்.ஐ. முத்திரை. வீட்டு எல்.பி.ஜி. அடுப்புக்கான இந்தியத் தர எண் ஐ.எஸ். 4246. முத்திரையோடு அந்த எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். வாயுவிலுள்ள வெப்பத்தில் குறைந்தது 68 சதவீதம் பாத்திரத்துக்குப் போய்ச் சேரவேண்டும் என்பது அந்தத் தரத்தின் விதிகளில் ஒன்று. நட்சத்திர முத்திரை இருந்தால், நட்சத்திரம் கூடக்கூட வாயு மிச்சம்.

இரண்டாவது, பர்னர். கையில் எடுத்துப் பாருங்கள். கனமான பித்தளை பர்னர் பல ஆண்டு உழைக்கும். இலேசான கலப்பு உலோகம் சூட்டில் கோணிப்போகும். வெறும் வார்ப்பிரும்பு நம் ஊர் ஈரத்தில் துருவேறித் துளை அடைக்கும்.

மூன்றாவது, தகடு. கடைக்காரர் ஒரு காந்தத்தை வைத்துக் காட்டி, "ஒட்டவில்லை பாருங்கள், அசல் எவர்சில்வர்" என்பார். உயர்ந்த 304 ரகம் காந்தத்தில் ஒட்டாது என்பது உண்மைதான். ஆனால் நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டிய மலிவான 200 வரிசை ரகமும் ஒட்டாது. நம் கடற்காற்றில் அது சீக்கிரம் துருப்பிடிக்கும். காந்தத்தை மட்டும் நம்பவேண்டாம். தகட்டின் கனத்தையும், மடித்த ஓரங்களின் சீரையும் பாருங்கள்.

நான்காவது, பாத்திரம் நிற்கும் ஸ்டாண்டின் உயரம். ஆற்றுக்கால் பொங்காலைக்குச் செங்கல் அடுப்பு கூட்டும் பெண்களுக்கு இதைச் சொல்லித் தரவேண்டியதில்லை. கல்லை மிக நெருக்கினால் தீ மூச்சுத் திணறும், மிக விலக்கினால் தீ வெளியே ஓடும். கேஸ் அடுப்பிலும் பாத்திரத்துக்கும் பர்னருக்கும் நடுவேயுள்ள இடைவெளி அப்படித்தான். சொந்தமாக உயரமான ஸ்டாண்டு வைத்துக்கொள்வது வாயுவை வீணாக்கும்.

ஐந்தாவது, உதிரிப் பாகமும் பழுதுபார்ப்பவரும் நம் நகரிலேயே கிடைப்பார்களா என்பது. இதை வாங்குமுன் கேளுங்கள், வாங்கியபின் அல்ல.

நகரின் சில பகுதிகளில் இப்போது குழாய் வழியே இயற்கை எரிவாயு வருகிறது. எல்.பி.ஜி. அடுப்பை அப்படியே அதில் இணைக்கக்கூடாது. கன அளவுக்குக் கன அளவு பார்த்தால் இயற்கை வாயுவின் வெப்பம் எல்.பி.ஜி.யில் பாதிக்கும் குறைவு. ஆகவே ஜெட் துளை பெரிதாக இருக்கவேண்டும். வாயு நிறுவனத்தின் ஆளே அதை மாற்றித் தரவேண்டும். உங்கள் தெருவுக்குக் குழாய் வரப்போகிறது என்றால், ஜெட் மாற்றக்கூடிய அடுப்பா என்று கேட்டு வாங்குங்கள்.

அக்காவின் சமையலறை

கரமனையில் என் அக்கா தனியாக இருக்கிறாள். எண்பது வயது தாண்டிவிட்டது. நாகர்கோவிலிலிருந்து வந்து குடியேறிய எங்கள் குடும்பத்தில் இப்போது அவள்தான் மூத்தவள். ஒருநாள் அடுப்பில் பாலை வைத்துவிட்டுப் பின்கட்டுக்குப் போனவள் மறந்துவிட்டாள். பால் பொங்கிச் சுடரை அணைத்துவிட்டது. வாயு மட்டும் வந்துகொண்டிருந்தது. அடுத்த வீட்டுப் பெண் வாடை பிடித்து ஓடிவந்து, விளக்கு சுவிட்சைத் தொடாமல், ரெகுலேட்டரை மூடிக் கதவு சன்னல்களைத் திறந்துவிட்டாள். அந்தப் பெண்ணுக்கு நாங்கள் என்றும் கடமைப்பட்டவர்கள். எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது. மேலே போகாமல் தரையோடு தேங்கி நிற்கும். சுவிட்சின் ஒரு பொறி போதும். இத்தகைய அவசரத்துக்கு 1906 என்ற எண்ணை எல்லோரும் எழுதி ஒட்டிவைப்பது நல்லது.

சுடர் அணைந்தால் தானே வாயுவை நிறுத்தும் அமைப்புள்ள அடுப்புகள் உண்டு. அவை பெரும்பாலும் மேடையில் பதிக்கும் விலையுயர்ந்த வகைகளிலேயே இருக்கின்றன. ஆகவே அக்காவுக்கு ஒரு இண்டக்ஷன் அடுப்பு வாங்கினேன். 2,000 முதல் 3,500 ரூபாய்க்குள் கிடைக்கும். சுடர் இல்லை. பாத்திரத்தை எடுத்தால் தானே நின்றுவிடும். நேரம் குறித்து வைக்கலாம்.

அக்கா லேசில் ஒப்பவில்லை. "என்னடே தம்பி, மண்சட்டியில வைக்கிற தீயல் இதுல எப்படிடே ஆகும்?" என்றாள். நியாயமான கேள்வி. இண்டக்ஷன் அடுப்பு காந்தப்புலத்தால் பாத்திரத்தின் அடியையே சூடாக்குகிறது. மண்சட்டி, அலுமினியம், வெண்கலம், பித்தளை எதுவும் இதில் சூடாகாது. இரும்பும், காந்தம் ஒட்டும் அடியுள்ள எவர்சில்வரும்தான் ஆகும். இங்கேதான் காந்தம் உண்மையிலேயே பயன்படுகிறது! பழைய பாத்திரங்களையெல்லாம் மாற்றவேண்டி வந்தால் அந்தச் செலவையும் அடுப்பின் விலையோடு சேர்த்துக்கொள்ளுங்கள். முடிவில் அக்காவும் நானும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டோம். பால், காப்பி, சோறு எல்லாம் இண்டக்ஷனில். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் போகும்போது மட்டும் மண்சட்டித் தீயல், கேஸ் அடுப்பில்.

இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டபின்பே இதை வாங்கவேண்டும்.

கணக்கு

கேஸ் மலிவா, மின்சாரம் மலிவா? ஒரு சிலிண்டரில் 14.2 கிலோ எல்.பி.ஜி. இருக்கிறது. அதன் வெப்பம் சுமார் 180 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். அதில் 68 சதவீதம், அதாவது ஏறக்குறைய 122 யூனிட், பாத்திரத்தில் சேருகிறது. இண்டக்ஷனில் சுமார் 84 சதவீதம் சேரும். ஆகவே ஒரு சிலிண்டரின் வேலையைச் செய்யச் சுமார் 145 யூனிட் வேண்டும். சிலிண்டரின் விலையை 145 ஆல் வகுங்கள். விலை 900 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், யூனிட்டுக்கு ஆறு ரூபாய் இருபது காசு வருகிறது. உங்கள் மின்கட்டணம் அதற்குக் கீழே இருந்தால் மின்சாரம் லாபம், மேலே போனால் கேஸ் லாபம்.

ஒரு எச்சரிக்கை. நம் மின்வாரியத்தின் கட்டணம் படிப்படியாக ஏறுவது. மாதம் 250 யூனிட் வரை படிக்குப் படி கணக்கு. அதைத் தாண்டினால் முதல் யூனிட்டிலிருந்தே ஒரே உயர்ந்த விகிதம். குளிர்சாதனமும் வெந்நீர்க் கருவியும் உள்ள வீட்டில் இண்டக்ஷனும் சேர்ந்தால் எல்லை தாண்டிவிடும். தனியாக வாழும் என் அக்காவுக்கு லாபமாக இருப்பது, ஆறு பேர் உள்ள வீட்டுக்கு நஷ்டமாகலாம்.

ஒயரிங்கையும் பாருங்கள். 2,000 வாட் அடுப்பு ஒன்பது ஆம்பியர் வரை இழுக்கும். 6 ஆம்பியர் பிளக்கில் செருகினால் பிளக் உருகும். கோட்டைக்குள்ளும் வலியசாலையிலும் உள்ள பழைய வீடுகளில் தனி ஒயர், 16 ஆம்பியர் பிளக், கசிவைக் கண்டு மின்சாரத்தை நிறுத்தும் பாதுகாப்புக் கருவி ஆகிய மூன்றும் போட்டபிறகே வாங்கவேண்டும்.

ஓவன் வேண்டுமா?

பேரப்பிள்ளைகள் வந்தால் கேக் வேண்டும் என்பார்கள். வெறும் மைக்ரோவேவ் உணவைச் சூடாக்கும், ஆனால் பொன்னிறமாகச் சிவக்க வைக்காது. கேக்கும் பிஸ்கட்டும் செய்ய, கம்பிச் சுருள் சூட்டில் இயங்கும் ஓ.டி.ஜி. எனப்படும் சிறிய ஓவனே குறைந்த செலவில் நிறைவான வழி. நாலைந்து பேருக்கு 20 லிட்டர் அளவு போதும். இதற்கும் 16 ஆம்பியர் பிளக்கே நல்லது. ஆண்டுக்கு இரண்டுமுறை கேக் செய்வதற்காக ஓவன் வாங்குவதைவிட, பேக்கரியில் வாங்கிக் கொடுத்துவிட்டு அந்தப் பணத்தில் நல்ல அடுப்பு வாங்குவதே சிக்கனம். முறுக்கும் அதிரசமும் எந்த ஓவனிலும் வராது என்பதை அனுபவத்தில் கண்டவன் சொல்கிறேன்!

முடிவாக

என்னைக் கேட்ட நண்பருக்கு நான் சொன்னது இதுதான். இரண்டு பர்னர் எவர்சில்வர் கேஸ் அடுப்பு ஒன்று, பக்கத்தில் ஒரு சிறிய இண்டக்ஷன். இரண்டும் சேர்ந்து 6,000 ரூபாய்க்குள் முடியும். மழைக்காலத்தில் மின்சாரம் போனால் கேஸ் இருக்கும், சிலிண்டர் தீர்ந்தால் மின்சாரம் இருக்கும்.

குறைந்த விலை என்பது பில்லில் உள்ள தொகை மட்டும் அல்ல. பத்து ஆண்டில் எரியும் வாயு, மாற்றும் பாகம், எல்லாவற்றுக்கும் மேலாக அதன்முன் நிற்கும் நம் வீட்டுப் பெண்களின் உயிர், இவை மூன்றும் அந்தக் கணக்கில் சேரவேண்டும். வாங்கப் போகுமுன் தினமும் அடுப்பில் நிற்பவரை ஒரு வார்த்தை கேளுங்கள். அன்று என் மனைவி கேட்ட கேள்விக்கு நான் காது கொடுத்திருந்தால், அந்த ஓணப் பாயசம் தரையில் போயிருக்காது.