படித்தது ஒன்று, கைத்தொழில் இன்னொன்று

திருவண்ணாமலை ரமணாசிரமத்துக் கோசாலையைக் கட்டும் பொறுப்பு, கட்டட வேலையில் முன் அனுபவமே இல்லாத ஓர் இளைஞரிடம் ஒப்படைக்கப்பட்டது. 1906-ல் பிறந்த அண்ணாமலை சுவாமி, ரமணரைத் தேடி 1928-ல் இங்கே வந்தார். முதலில் கிடைத்தது ரமணருக்குப் பணிவிடை செய்யும் வேலை. கொஞ்ச நாளில் கட்டட வேலைகள் அவர் தலையில் வந்து சேர்ந்தன. என்ன செய்ய வேண்டும் என்று ரமணர் சொல்வார். தேவைப்பட்டால் தாளில் வரைந்தும் காட்டுவார். அதை மனதில் வாங்கிக்கொண்டு கொத்தனார்களிடம் வேலை வாங்க வேண்டியது சுவாமியின் பாடு. கோசாலை, மருந்தகம், வேதபாடசாலை, சாப்பாட்டுக்கூடம் என்று ஆசிரமத்தின் முக்கியமான கட்டடங்கள் பல அந்தப் பத்தாண்டுகளில் அவர் மேற்பார்வையில் எழுந்தவை. 1938-ல் ஆசிரமப் பணியிலிருந்து விலகியபோது அவர் கைதேர்ந்த கட்டடக்காரர்.

இருபது வயதைத் தாண்டிய பிறகு ஒரு தொழிலைக் கற்க முடியுமா என்று கேட்பவர்களுக்கு இந்த ஊரிலேயே பதில் இருக்கிறது. ஆனால் அன்றைக்கு அபூர்வமாக நடந்த ஒன்று இன்றைக்கு வீட்டுக்கு வீடு எழும் கேள்வியாகிவிட்டது.

காரணம் எளிது. 2021–22 அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 47 சதவீதம். நாட்டின் சராசரியோ 28.4 சதவீதம்தான். கல்லூரிக்குப் போவது இங்கே வழக்கமாகிவிட்டது. பி.இ., பி.காம். முடித்து, கிடைத்த வேலையில் இரண்டு மூன்று வருடம் ஓட்டிவிட்டு, 'இது நமக்கு ஒத்துவரவில்லை' என்று உணரும்போது வயது இருபத்தைந்து ஆகியிருக்கும். வயரிங், வெல்டிங், தச்சு, பூச்சுவேலை என்று மனம் திரும்பினால் முதல் எதிர்ப்பு வீட்டிலிருந்தே வரும்: "இதுக்கா இவ்வளவு செலவு பண்ணிப் படிக்க வைத்தோம்?"

அந்தக் கோபத்துக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. நம் ஊரில் தொழில் என்பது நெடுங்காலமாகப் பிறப்போடு ஒட்டிவந்தது. தச்சர் மகன் தச்சர், குயவர் மகன் குயவர். 1953-ல் ராஜாஜி அரசு தொடக்கப் பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதிப் பொழுதில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கட்டும் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. அதைக் 'குலக்கல்வி' என்று சொல்லிப் பெரியார் கடுமையாக எதிர்த்தார். 1954-ல் முதல்வரான காமராஜர் அதைக் கைவிட்டார். கைத்தொழிலிலிருந்து விடுபடுவதே விடுதலை என்ற எண்ணம் தமிழ்க் குடும்பங்களில் வேரூன்றியதற்கு நியாயம் உண்டு.

ஆனால் படித்த ஒருவர் தானாக விரும்பி ஒரு தொழிலைத் தேர்ந்தெடுப்பது குலத்தொழிலுக்கு நேர் எதிரானது. அங்கே பிறப்பு முடிவு செய்தது. இங்கே அவரே முடிவு செய்கிறார். திருவண்ணாமலையில் இதைக் கண்ணால் பார்க்கலாம்.

'தண்ணல்' என்ற இயற்கைக் கட்டுமான அமைப்பை 2011-ல் இங்கே தொடங்கியவர் பிஜு பாஸ்கர். கட்டடக்கலைப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு, கிராமத்து மண்வீட்டுக் கலைஞர்களிடம் தேடிப்போய்க் கற்றவர். அவருடைய பயிற்சிகளில் கட்டடக்கலை மாணவர்களோடு, அந்தத் துறைக்கே தொடர்பில்லாத வேலைகளில் இருந்தவர்களும் வந்து மண் மிதிக்கிறார்கள்.

மண்ணில் வீடு கட்டுவது என்றால் குழைத்து அப்புவது மட்டும் இல்லை. மண்ணை ஒரு பாட்டிலில் போட்டுத் தண்ணீரில் குலுக்கிப் படியவிட்டால் மணல் கீழேயும் களி மேலேயும் தனித்தனியாகத் தங்கும். களி மிகுந்தால் சுவர் காயும்போது வெடிக்கும். மணல் மிகுந்தால் உதிரும். அளவு பார்த்து மணலோ வைக்கோலோ சேர்க்க வேண்டும். சுண்ணாம்புப் பூச்சுக்குக் கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்துப் புளித்த தண்ணீர் வேண்டும். சிமென்ட் தண்ணீரோடு சேர்ந்து சில மணி நேரத்தில் இறுகத் தொடங்கும். சுண்ணாம்போ காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல உள்ளிழுத்து மீண்டும் சுண்ணாம்புக்கல்லாக மாறுகிறது. அதற்கு அவசரம் ஆகாது. இந்த வேதியியலைப் புத்தகத்தில் படித்துவிடலாம். பூச்சு எப்போது தேய்க்கப் பதமாக இருக்கிறது என்பதை விரல்தான் சொல்லும். படிப்பும் கைப்பழக்கமும் ஒரே ஆளிடம் சேரும்போது தொழிலே ஒரு படி உயர்கிறது. படித்துவிட்டு வருபவர்களின் பலம் அதுதான்.

இதே ஊரில் நடந்த இன்னொரு பயிற்சி கசப்பான பாடத்தையும் சொல்கிறது.

பிறப்போடு இறுகப் பூட்டப்பட்ட பணி அர்ச்சகர் பணி. அனைத்துச் சாதியினரும் அர்ச்சகராகலாம் என்று 2006-ல் தி.மு.க. அரசு ஆணை பிறப்பித்தது. மதுரை, பழனி, திருச்செந்தூர், திருவண்ணாமலை ஆகிய ஊர்களில் சைவப் பயிற்சிப் பள்ளிகளும், திருவரங்கம், திருவல்லிக்கேணியில் வைணவப் பயிற்சிப் பள்ளிகளும் தொடங்கப்பட்டன. 200-க்கும் மேற்பட்ட இளைஞர்கள் மந்திரமும் பூஜை முறையும் கற்று 2008-ல் பயிற்சியை முடித்தார்கள். கையில் சான்றிதழ் இருந்தது, வேலை இல்லை. வழக்கு உச்ச நீதிமன்றத்தில் நின்றது. 2015 டிசம்பரில் தீர்ப்பு வந்த பிறகும் காத்திருப்பு நீண்டது. 2021 ஆகஸ்ட் 14 அன்றுதான் பயிற்சி பெற்ற 24 பேருக்கு ஒரே நாளில் பணி ஆணை கிடைத்தது. இருபது வயதில் படித்து முடித்தவர்களுக்கு அப்போது முப்பது தாண்டியிருந்தது.

தொழில் மாற நினைப்பவர்கள் இதிலிருந்து ஒன்றைப் பிடித்துக்கொள்ளலாம்: கற்றுத்தர ஆள் இருக்கிறாரா என்று கேட்பதற்கு முன்பே, கற்ற பிறகு வேலை கொடுப்பது யார் என்று கேட்க வேண்டும். ஒரே முதலாளி, ஒரே துறை என்றால் ஆபத்து. எலெக்ட்ரீஷியன், பிளம்பர், ஏ.சி. மெக்கானிக், வெல்டர் ஆகியோருக்கு அந்தச் சிக்கல் இல்லை. இந்த ஊரில் பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலக் கூட்டம். கார்த்திகை தீபத்துக்கு அதைவிடப் பெரிய கூட்டம். விடுதி, மண்டபம், உணவகம் எதுவானாலும் குழாய், மோட்டார், மின்விளக்கு பழுதாகாமல் இருக்காது. மாவட்டத்தின் மறுமுனையில் செய்யாறு சிப்காட் தொழிற்சாலைகளும் இருக்கின்றன.

கற்க எங்கே போவது? முதல் வாசல் அரசு தொழிற்பயிற்சி நிலையம், அதாவது ஐ.டி.ஐ. அது பத்தாம் வகுப்பில் மதிப்பெண் குறைந்தவர்கள் போகும் இடம் என்று நினைப்பவர்கள் அதிகம். ஆனால் சேர்க்கை விதி அப்படிச் சொல்லவில்லை. தமிழ்நாட்டில் ஆண்கள் 40 வயது வரை சேரலாம். பெண்களுக்கு வயது வரம்பே கிடையாது. பட்டம் தடையும் இல்லை. வெல்டர் பயிற்சி ஓராண்டு, எலெக்ட்ரீஷியன், ஃபிட்டர் பயிற்சிகள் இரண்டாண்டு. கட்டணம் இல்லை, மாதம் 750 ரூபாய் உதவித்தொகை உண்டு. திருவண்ணாமலை நகரத்திலும் ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூரிலும் அரசு ஐ.டி.ஐ.க்கள் இருக்கின்றன. 2022-ல் டாடா டெக்னாலஜிஸுடன் போட்ட ஒப்பந்தத்தின்படி 71 அரசு ஐ.டி.ஐ.க்களில் ரோபோ, கணினிவழி இயந்திரம் போன்ற புதிய வசதிகளும் வந்தன.

இரண்டு வருடம் ஒதுக்க முடியாதவர்களுக்கு வங்கிகள் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி மையங்கள் உண்டு. 1982-ல் கர்நாடகத்தின் உஜிரேயில் தர்மஸ்தலா அறக்கட்டளையும் சிண்டிகேட், கனரா வங்கிகளும் சேர்ந்து தொடங்கிய முயற்சி நாடு முழுக்கப் பரவியது. சில வாரக் குறுகிய பயிற்சி, சாப்பாடு, தங்குமிடம் எல்லாம் இலவசம்.

மூன்றாவது வழி பழைய வழி: மேஸ்திரியிடம் கையாளாகச் சேர்வது. சம்பளத்தோடு கற்கலாம், ஆனால் காகிதம் கிடைக்காது. மின்வேலையில் அதற்கும் ஒரு கதவு இருக்கிறது. வயரிங்கில் ஐந்தாண்டு அனுபவம் உள்ள, 21 வயது நிறைந்த எவரும் அரசின் மின்கம்பியாள் உதவியாளர் தகுதித் தேர்வை எழுதலாம்.

விலை கொடுக்காமல் எதுவும் இல்லை. முதல் ஓரிரு வருடம் பழைய சம்பளத்தில் பாதிகூட வராது. தன்னைவிட ஐந்து வயது சிறியவர் 'அதை எடு, இதைப் பிடி' என்று ஏவுவார். நாற்காலியில் பழகிய முதுகு ஏணிக்குப் பழக மாதங்கள் ஆகும். பெண் பார்க்கும் இடத்தில் 'என்ன வேலை' என்ற கேள்விக்குச் சொல்லும் பதில் எல்லாருக்கும் பிடிக்காது. பயிற்சிக் காலத்துக்குப் போதுமான சேமிப்பைக் கையில் வைத்துக்கொண்டு இறங்குவதே புத்திசாலித்தனம்.

இந்தத் தயக்கம் நமக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவில் மேத்யூ கிராஃபோர்ட் என்பவர் அரசியல் தத்துவத்தில் முனைவர் பட்டம் பெற்று, வாஷிங்டனில் ஓர் ஆய்வு நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்தவர். சில மாதங்களிலேயே அதை உதறிவிட்டு மோட்டார் சைக்கிள் பழுதுபார்க்கும் கடை வைத்தார். அலுவலகத்தைவிடப் பட்டறையில்தான் அதிகம் சிந்திக்க வேண்டியிருக்கிறது என்று 2009-ல் அவர் எழுதிய நூல் பெரிதாகப் பேசப்பட்டது. நமக்கு அவருக்கும் முன்னோடி ஜி.டி.நாயுடு. ஹோட்டலில் சர்வராக வேலை பார்த்துச் சேர்த்த காசில் ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கி, அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் பூட்டித் தொழில் கற்றவர் அவர்.

கற்ற பிறகு கருவி வாங்கவும் பட்டறை போடவும் பணம் வேண்டும். 2023 செப்டம்பரில் வந்த மத்திய அரசின் விஸ்வகர்மா திட்டம் குடும்பத் தொழிலையும் 18 வயதையும் அடிப்படையாகக் கொண்டிருந்தது; குலக்கல்வியின் சாயல் என்று தமிழக அரசு அதை ஏற்கவில்லை. பதிலாக 2025 ஏப்ரலில் தொடங்கிய கலைஞர் கைவினைத் திட்டத்தில் 25 தொழில்களுக்கு 3 லட்சம் ரூபாய் வரை கடனும் அதிகபட்சம் 50,000 ரூபாய் மானியமும் உண்டு. எந்தச் சாதியினரும் விண்ணப்பிக்கலாம். ஆனால் குறைந்தபட்ச வயது 35. பள்ளிப் பிள்ளைகள் படிப்பை விட்டுவிடக் கூடாது என்ற அக்கறையில் வைத்த வரம்பு அது. பட்டம் முடித்த 26 வயதுக்காரரையும் அது வெளியே நிறுத்திவிடுகிறது.

இங்கேதான் அரசு யோசிக்க வேண்டும். உயர்கல்வி முடித்தவர்களுக்கு அந்த வயது வரம்பைத் தளர்த்தினால் குலத்தொழில் அச்சத்துக்கு இடமில்லை. ஐ.டி.ஐ. வகுப்புகள் பெரும்பாலும் முழுநேரப் பகல் வகுப்புகள். வேலையில் இருந்துகொண்டே கற்க விரும்புகிறவர்களுக்கு மாலை, வார இறுதி வகுப்புகள் பரவலாக வேண்டும். அதுவரை, மாற நினைப்பவர்கள் இருக்கிற வேலையை விடும் முன், விரும்பும் தொழிலில் ஒரு மேஸ்திரியோடு சில ஞாயிற்றுக்கிழமைகள் வேலைக்குப் போய்ப் பார்த்துவிடுவது நல்லது. பத்தாம் வகுப்பு முடிவுகள் வெளியாகும் பருவத்தில் ஐ.டி.ஐ. சேர்க்கை அறிவிப்பு வரும்; மதிப்பெண் சான்றிதழையும் மாற்றுச் சான்றிதழையும் இப்போதே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.