செல்ஃப் எடுக்காத காரும் செய்யாத குற்றமும்



மேற்கு வங்காளத்தில் உத்தரபாராவில் தயாரான அம்பாசிடர் கார் 2014-ஆம் ஆண்டு மே மாதத்தோடு நின்று போயிற்று. ஆனாலும் அதை விற்க மனமில்லாமல் வைத்திருக்கும் வியாபாரிகள் நம்மிடையே உண்டு. அப்படி வைத்திருப்பவர்களுக்கு வரும் பெரிய தொல்லை, வண்டி சில நாள் ஒரே சாவியில் எடுப்பதும், சில நாள் எடுக்காமல் மக்கர் செய்வதும்தான். ஒரேயடியாக நின்றுபோன வண்டியைச் சரி செய்வது எளிது. மெக்கானிக் வரும்போது நன்றாக ஓடி, அவர் போனபின் நிற்கும் வண்டியைச் சரி செய்வதுதான் கஷ்டம். இந்த விஷயத்தில் நான் பட்ட அனுபவம் மற்றவர்களுக்குப் பயன்படலாம் என்பதால் எழுதுகிறேன்.

எங்கள் கடையில் இருந்தது 1988 மாடல் பெட்ரோல் அம்பாசிடர். 2003-ஆம் ஆண்டு மழைக்காலத்தில் தொல்லை தொடங்கியது. கொள்முதலுக்காகத் திருவனந்தபுரம் சாலைக் கடைவீதிக்குப் போனோம். போகும்போது குறை இல்லை. திரும்ப ஏறிச் சாவியைத் திருப்பினால் 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். நான்கு பேர் தள்ளியதும் வண்டி எடுத்துக்கொண்டது. அடுத்த பத்து நாள் ஒரு குறையும் இல்லை. பிறகு குளச்சலில் நின்றது. பிறகு கோட்டாற்றில் நம் கடை வாசலிலேயே நின்றது.

பேட்டரி பழசு என்றார்கள், புதிது போட்டேன். செல்ஃப் மோட்டாரைக் கழற்றிக் கார்பன் பிரஷ் மாற்றினோம். சொலினாய்டு சுவிட்சும் மாற்றினோம். ஒவ்வொன்றும் மாற்றியபின் ஒரு வாரம் நன்றாக ஓடும், சரியாகிவிட்டது என்று நிம்மதி அடைவோம், மறுபடியும் நிற்கும். ஒரு நாள் காலையில் புதுப் பேட்டரியும் இறங்கிக் கிடந்தது. எனக்கு வந்த கோபத்தில், "ராத்திரி லைட்டை அணைக்காமல் போனால் இப்படித்தான் ஆகும்" என்று டிரைவரைக் கடைப் பையன்கள் முன்னாலேயே பேசிவிட்டேன். எட்டு வருஷமாக எங்களிடம் இருந்தவர். "நான் அணைச்சிட்டுத்தான் போனேன் முதலாளி" என்றார். நான் நம்பவில்லை. மாதக் கடைசியில் சாவியைக் கல்லாப் பெட்டி மேல் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அதன்பின் ஒரு நாள், வயதான எலக்ட்ரீஷியன் ஒருவரை அழைத்து வந்தேன். அவர் ஸ்பானரைக் கையில் எடுக்கவில்லை. "எடுக்காதபோது கூப்பிடுங்க அண்ணாச்சி, எடுக்கும்போது நான் வந்து என்ன பாக்க?" என்றார். இரண்டு நாள் கழித்து வண்டி நின்றதும் ஆள் அனுப்பினேன். அவர் வந்து ஹெட்லைட்டைப் போடச் சொன்னார். பிரகாசமாக எரிந்தது. சாவியைத் திருப்பச் சொன்னார். 'டிக்' என்றது, ஆனால் லைட் மங்கவில்லை. இரண்டு மூன்று தடவை திருப்பச் சொல்லிவிட்டு, "இந்தச் சோக் கம்பியத் தொட்டுப் பாருங்க" என்றார். தொட்டால் சுட்டது.

அதற்குக் காரணம் இதுதான். பேட்டரியின் மைனஸ் கம்பி கார் பாடியில் இணைந்திருக்கும். ஆனால் என்ஜின் ரப்பர் மவுண்டிங்கின் மேல் உட்கார்ந்திருப்பதால் பாடியோடு நேரடித் தொடர்பு கிடையாது. ரப்பரில் கரண்ட் போகாது. ஆகவே என்ஜினையும் பாடியையும் இணைக்கப் பின்னல் செம்புக் கம்பியில் ஓர் எர்த் பட்டை வைத்திருப்பார்கள். ஹெட்லைட் பல்பு ஒன்றுக்கு நான்கைந்து ஆம்பியர் கரண்ட் போதும். செல்ஃப் மோட்டாருக்கோ நூறு ஆம்பியருக்கு மேல் வேண்டும். கோட்டாறு கம்போளத்தில் லாரிகள் நெருக்கி நிற்கும்போது சைக்கிள் போய்விடும், சரக்கு லாரி போகாது அல்லவா? அதுபோலத்தான் இதுவும். அதோடு ஹெட்லைட்டின் கரண்ட் இந்தப் பட்டை வழியாகப் போவதே இல்லை. எனவே லைட் எரிவதைப் பார்த்து 'எல்லாம் சரி' என்று முடிவு செய்யக் கூடாது.

எங்கள் வண்டியில் அந்தப் பட்டை பச்சை பூத்து, முக்கால்வாசி இழைகள் அறுந்து, போல்ட்டின் அடியில் துரு பிடித்திருந்தது. செல்ஃப் மோட்டாரின் கரண்ட் வேறு வழியில்லாமல் சோக் கம்பி வழியாகத் திரும்பியதால்தான் அது சுட்டது. என்ஜின் குலுங்கி நிற்கும் நிலையைப் பொறுத்து, இழைகள் ஒட்டிக்கொண்டால் வண்டி எடுக்கும், விலகினால் எடுக்காது. பேட்டரியை சார்ஜ் செய்யும் கரண்டும் இந்தப் பட்டை வழியாகத்தான் சுற்றி வரவேண்டும். ஆகையால் புதுப் பேட்டரிக்கும் சார்ஜ் சரியாக ஏறவில்லை. டிரைவர் லைட்டை அணைத்துவிட்டுத்தான் போயிருக்கிறார்!

நம் மாவட்டத்திற்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. போதாததற்குக் கடற்காற்றின் உப்பும் சேர்கிறது. ஆகவே இந்தத் துரு நம் ஊர் வண்டிகளுக்கு அதிகம் வரும். பழைய கார் வைத்திருப்பவர்கள் கீழ்க்கண்டவற்றை மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

முதலாவது, 'எடுக்கவில்லை' என்று பொதுவாகச் சொல்லாமல், என்ஜின் சுற்றவில்லையா அல்லது சுற்றியும் பற்றவில்லையா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். சுற்றவில்லை என்றால் பேட்டரி, டெர்மினல், எர்த், சொலினாய்டு, செல்ஃப் மோட்டார் என்ற வரிசையில் பார்க்க வேண்டும். சுற்றியும் பற்றவில்லை என்றால் பிளக்கில் பொறி வருகிறதா, கார்புரேட்டருக்குப் பெட்ரோல் வருகிறதா என்ற இரண்டையும் பார்க்க வேண்டும். மழை நாளில் டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் ஈரம் இருக்கலாம். துடைத்தாலே போதும். நல்ல சூட்டில் நின்று, ஆறியபின் எடுத்தால் காயில், கண்டன்சர் மேல் சந்தேகப்படலாம். குழாயில் பெட்ரோல் ஆவியாகி அடைத்திருக்கவும் கூடும்.

இரண்டாவது, ஓய்வில் இருக்கும் நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸ் தூணிலும் மறுமுனையை என்ஜினின் பெயிண்ட் இல்லாத இரும்பிலும் வைத்துச் சாவியைத் திருப்பினால் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது. எங்கள் வண்டியில் நான்கு வோல்ட்டைத் தாண்டியது. மீட்டர் இல்லாவிட்டால், கனமான ஜம்பர் கேபிள் ஒன்றால் மைனஸ் தூணையும் என்ஜினையும் இணைத்துப் பாருங்கள். உடனே எடுத்தால் குறை எர்த்தில்தான். சோதிக்கும்போது கியர் நியூட்ரலில் இருக்க வேண்டும், ஹேண்ட் பிரேக் போட்டிருக்க வேண்டும், பேட்டரிக்குப் பக்கத்தில் பீடி, சிகரெட் கூடாது.

மூன்றாவது, வண்டியில் ஒரு நோட்டு வையுங்கள். நின்ற தேதி, மழையா வெயிலா, என்ஜின் சூடா ஆறியதா, என்ன சத்தம் கேட்டது என்று எழுதுங்கள். பேரேடு எழுதாமல் யாரும் கடை நடத்துவதில்லை. வண்டிக்கு மட்டும் ஏன் எழுதக் கூடாது?

புதுப் பட்டைக்கு ஆன செலவு ஒரு நேரச் சாப்பாட்டுச் செலவுதான். அதற்கு முன் தேவையில்லாமல் மாற்றிய சாமான்களுக்குப் பல ஆயிரம் போயிற்று. அதைவிடப் பெரிய நஷ்டம், நம்பிக்கையான ஒரு ஆளை இழந்தது. நான் அவர் வீட்டுக்குப் போய், தப்பு என்னுடையது என்று சொன்னேன். அவர் அதற்குள் வேறு இடத்தில் சேர்ந்துவிட்டார். "வண்டி இப்பம் நல்லா எடுக்குதா முதலாளி?" என்று மட்டும் கேட்டார். கடைக்குத் திரும்பியதும் பையன்களைக் கூப்பிட்டு, அவர்கள் முன்னால் பேசிய பேச்சை அவர்கள் முன்னாலேயே திரும்ப எடுத்துக்கொண்டேன்.

கல்லாவில் ஒரு நாள் குறைந்து ஒரு நாள் சரியாக இருந்தால், நாம் முதலில் சந்தேகப்படுவது கல்லாவில் நிற்கும் பையனைத்தான். பில்லில் கூட்டல் தவறியிருக்கலாம், சில்லறை கொடுத்ததில் பிசகியிருக்கலாம், எடைக்கல் தேய்ந்திருக்கலாம். அதையெல்லாம் பார்த்து முடித்த பிறகுதான் ஆளைப் பற்றி யோசிக்க வேண்டும். பட்டையைப் புதிதாக வாங்கிப் போட்டுவிடலாம். சொல்லிவிட்ட சொல்லை அப்படி மாற்ற முடியாது என்பதை அன்பர்கள் நினைவில் வைத்துக்கொண்டால் மகிழ்வேன்.