லாரிக்காரர் கணக்கும் கார்பன் ஷூவும்

நாமக்கல் வட்டாரத்தில் பிறந்து வளர்ந்தவனுக்கு டயர்க் கணக்கை எவரும் தனியாக உபதேசிக்க வேண்டியதில்லை. லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகளின் சம்மட்டி ஓசையைத் தாலாட்டாகக் கேட்டு வளர்ந்து, லோடு எவ்வளவு, சாலை எப்படி, டீசல் எத்தனை லிட்டர், வண்டி எத்தனை கிலோமீட்டர் கொடுத்தது என்ற நான்கு கேள்விகளையே திண்ணைப் பேச்சாகக் கொண்டு வாழும் ஜனங்கள் இவர்கள். ஆகவே, ஞாயிற்றுக்கிழமை விடியற்காலைகளில் மாரத்தான் என்ற திருநாமத்தோடு சேலத்திலும் நாமக்கல்லிலும் நடைபெறும் ஐந்து, பத்து கிலோமீட்டர் ஓட்டங்களில் சில வருஷங்களாகக் கலந்துகொண்டு வரும் என் அக்காள் மகன், இருபதாயிரம் ரூபாய்க்குச் சற்று மேலே கிரயம் கொடுத்து ஒரு ஜோடி கார்பன் ஷூவை வாங்கிவந்து கூடத்தில் வைத்தபோது, இரண்டு லாரிகளுக்குச் சொந்தக்காரரான அவன் தகப்பனார் கோபித்துக்கொள்ளவுமில்லை, வியந்துபோகவுமில்லை, ஒற்றை ஷூவைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது எத்தன கிலோமீட்டர் ஓடும் கண்ணு?" என்று மட்டும் கேட்டார்.

நானும் அதை வாங்கிப் பார்த்தேன். அடிப்பாகம் குதிகாலில் இரண்டு விரற்கிடை கனம். அப்படியிருந்தும், கையில் வைத்தால் ஒரு கொய்யாப்பழம் அளவுகூடக் கனக்கவில்லை. கட்டைவிரலால் அழுத்தினால் உள்ளே அமுங்கி, விரலை எடுக்குமுன் எழும்பிவிடுகிறது. ஆனால் சாதாரண ஷூவைத் தோசைபோல் மடிப்பதுபோல இதன் நுனியை மடிக்கப் பார்த்தால், இரும்புப் பலகையைப் போல மறுத்துவிடுகிறது. மெத்தென்ற அந்த நுரைப்பொருளுக்கு நடுவே, கரண்டி போல முன்பக்கம் வளைந்த கார்பன் இழைத் தகடு ஒன்று குதிகால் முதல் விரல் நுனிவரை படுத்திருப்பதே அதற்குக் காரணம். "உள்ள ஸ்பிரிங் பட்டை வெச்சிருக்கானாட்டம்" என்றார் என் அக்காள் கணவர். அவர் மட்டுமல்ல, உலகத்தில் பெரும்பாலோர் முதலில் அப்படித்தான் எண்ணினார்கள்.

அந்த எண்ணம் முழுவதும் சரியன்று என்பதே இந்த விஷயத்தின் சுவாரசியம். நைக்கி நிறுவனம் 2017-ல் இவ்வகை ஷூவை வெளியிட்டபோது, அந்நிறுவனத்தின் பொருளுதவியோடு அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் ஹூக்காமர் முதலிய ஆராய்ச்சியாளர்கள் 18 ஓட்டக்காரர்களை ஓடும் எந்திரத்தின்மேல் ஓடவிட்டு, மூச்சில் செலவாகும் பிராணவாயுவை அளந்து, ஒரே வேகத்துக்குச் சராசரியாக நான்கு சதவீதம் குறைந்த சக்தியே செலவாகிறது என்று கண்டார்கள். மிதிக்கும்போது அடிப்பாகம் வாங்கிக்கொள்ளும் சக்தியில் எவ்வளவு திரும்பக் கிடைக்கிறது என்றும் தனியாகச் சோதித்தார்கள். அக்காலத்துச் சிறந்த பந்தய ஷூக்கள் இரண்டு ஏறக்குறைய 66, 76 சதவீதம் திருப்பித் தந்த இடத்தில் புதியது 87 சதவீதம் தந்தது. இந்தத் தாராளம் பெபாக்ஸ் என்னும் இலேசான நுரைப்பொருளின் குணம். பின்னர் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் அதே ஹூக்காமரும் அவர் சகாவும் அதே ரக ஷூவை எடுத்து, முன்பாதத்துக்கு அடியிலுள்ள தகட்டை ஆறு இடங்களில் குறுக்கே அறுத்து, அதன் விறைப்பைப் பெருமளவு போக்கிவிட்டு ஓடச் செய்து பார்த்தபோது, லாபத்தில் அரை சதவீத அளவே வித்தியாசம் தென்பட்டது. தகடே ஸ்பிரிங் என்றால் அதை அறுத்தபின் வண்டி படுத்திருக்க வேண்டுமல்லவா? அவ்வளவு உயரத்துக்கு மெத்தென்று அடுக்கிய பொருள் காலடியில் நிலைகுலையாமல் நிற்பதற்கும், விரல் மூட்டு வீணாக மடிந்து சக்தியைச் சிந்தாமலிருப்பதற்கும் உதவுவதாகத் தகட்டைக் கருதுவதே பொருந்தும். பட்டறை மொழியில் சொன்னால், அது பட்டை அன்று, சேஸிஸ். துள்ளல் நுரைக்கே உரியது.

இந்த யுக்தி உலகை எப்படிக் கலக்கியது என்பது சமீப சரித்திரம். 2017 மே மாதம் இத்தாலியின் மோன்சா பந்தயத் திடலில் கென்யாவின் கிப்சோகே 42.195 கிலோமீட்டரை 2 மணி 25 விநாடியில் ஓடினார். 2019 அக்டோபர் 12-ல் வியன்னாவில் 1 மணி 59 நிமிஷம் 40 விநாடியில் முடித்தார். அதற்கு மறுநாளே சிகாகோவில் பிரிஜிட் கோஸ்கேய், பெண்களில் பதினாறு ஆண்டுகளாக நிலைத்திருந்த சாதனையை 2 மணி 14 நிமிஷம் 4 விநாடியில் முறியடித்தார். சாதனை மனிதனுடையதா, பாதரட்சையுடையதா என்ற தர்க்கம் மூண்டதும், உலகத் தடகளச் சங்கம் 2020 ஜனவரி இறுதியில் வரம்பு கட்டியது: அடிப்பாகம் 40 மில்லிமீட்டருக்கு மேற்படலாகாது, தகடு ஒன்றுக்கு மேல் கூடாது. 2023-ல் பெர்லினில் எத்தியோப்பியாவின் திகிஸ்ட் அசெபா 2 மணி 11 நிமிஷம் 53 விநாடியில் ஓடியபோது அணிந்திருந்த அடிடாஸ் ஷூவின் எடை 138 கிராம், விலை 500 டாலர். அதன் ஆயுள் ஒரு மாரத்தானும், அதற்குமுன் காலுக்குப் பழக்கிக்கொள்ளும் சிறிது தூரமும் என்று செய்தவர்களே சொன்னார்கள்.

ஆனால் அவர்களெல்லாம் மணிக்கு இருபது கிலோமீட்டர் வேகத்தை ஒட்டி ஓடுகிறவர்கள். பத்து கிலோமீட்டரை ஐம்பது நிமிஷத்தில் முடிக்க ஆசைப்பட்டு, ஒவ்வொரு தடவையும் இருபது முப்பது விநாடி பிந்திவிடும் நம் பிள்ளைக்கு இதனால் பிரயோஜனம் என்ன? இக்கேள்வியையும் சிலர் ஆராய்ந்திருக்கிறார்கள். 2023-ல் வெளியான ஓர் ஆய்வில், மணிக்கு 12 கிலோமீட்டர் வேகத்தில் லாபம் சராசரியாக 1.4 சதவீதமாகவும், 10 கிலோமீட்டர் வேகத்தில் 0.9 சதவீதமாகவும் சுருங்கிவிட்டது. அதே ஆண்டு வெளியான மற்றோர் ஆய்வில், உலகத் தரம் வாய்ந்த கென்ய வீரர்கள் எழுவரில் ஒருவருக்குப் பதினோரு சதவீதம் லாபமென்றால், மற்றொருவருக்கு ஏறக்குறைய அதே அளவு நஷ்டம். சராசரி என்பது ஊருக்குப் பொது. கால் அவரவருக்குச் சொந்தம். ஆதலால் தன் காலுக்கு இது ஏற்றதா என்பதைத் தானே பரீட்சை செய்து பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

பையனும் பரீட்சை செய்தான். ஒரு ஞாயிறு, நன்றாகத் தூங்கி எழுந்து, குளிர்ந்த காலையில் புது ஷூவைப் போட்டுப் பத்து கிலோமீட்டர் ஓடினான். மறுநாள் மாலை, பட்டறையில் பகல் முழுதும் நின்ற காலோடு பழைய ஷூவில் ஓடினான். இரண்டரை நிமிஷ வித்தியாசம் என்று பூரித்துப்போய் வந்தான். தகப்பனார் நிதானமாகச் சொன்னார்: "ஏங்கண்ணு, ஒரு நாள் காலி வண்டி, மறுநாள் லோடு வண்டி ஓட்டிப்போட்டு மைலேஜு சொன்னா எவனாச்சும் ஒத்துக்குவானா?" ஷூவை மதிப்பிடுவது பற்றி நான் கேட்டவற்றுள் இதைவிடச் சிறந்த சாஸ்திரம் வேறில்லை.

அவர் யோசனைப்படியே மறுவாரம் மூன்று நாள் பரீட்சை நடந்தது. ராசிபுரத்துக்கு அருகே, ஈர மரவள்ளி மாவின் புளித்த வாசனை வீசும் ஒரு சேகோ ஆலையைத் தாண்டி, ஏற்ற இறக்கமில்லாத இரண்டு கிலோமீட்டர் கிளைச்சாலை; நேரம் காலை ஐந்து மணி. நாடித் துடிப்பை ஒரே அளவில் நிறுத்திக்கொண்டு, முதலில் பழைய ஜோடி, பிறகு புதியது, மறுபடியும் புதியது, கடைசியில் பழையது என்று, ஒவ்வொரு முறையும் ஒரே திசையில் அவன் ஓட வேண்டும். களைப்பின் பாரம் இரு ஜோடிகளுக்கும் சமமாகப் பங்கிடப்படுவதற்காகவே இந்த வரிசை. நான் மொபெட்டில் அவனைத் திரும்பக் கொண்டுவந்து விடுவதும், நோட்டில் குறிப்பதுமாக இருந்தேன். மூன்று நாளும் புது ஜோடியே முந்தியது. ஆனால் இரண்டரை நிமிஷமெல்லாம் எங்கோ மறைந்துபோய், கிலோமீட்டருக்கு இரண்டு மூன்று விநாடிகளே மிஞ்சின. அதிலும் ஒரு சந்தேகத்துக்கு இடமுண்டு: தனக்குப் புது டயர் மாட்டியிருக்கிறது என்று லாரிக்குத் தெரியாது, ஓடுகிறவனுக்குத் தெரியும்.

வேகத்தோடு கூட நஷ்டத்தையும் நிறுத்துப் பார்க்க வேண்டும். உயர்ந்து நிற்கும் மெத்தை நேர்ச்சாலையில் சுகம். ஏற்காட்டு மலைப்பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளைப் போன்ற இடங்களில் இறங்கும்போது கணுக்கால் தள்ளாடும். இந்த ஷூக்களில் ஓடியவர்களில் ஐவருக்குப் பாதத்தின் நடுவிலுள்ள படகெலும்பில் அழுத்தக் காயம் ஏற்பட்டதை மருத்துவர்கள் 2023-ல் பதிவு செய்தார்கள். ஷூதான் காரணம் என்று ஐந்து பேரைக் கொண்டு தீர்ப்பெழுத முடியாதென்றாலும், தினசரிப் பயிற்சிக்கு இதையே மாட்டிக்கொள்ளாமல் சிறிது சிறிதாகப் பழகுவது விவேகம். நுரையின் துள்ளலோ ஒவ்வொரு ஓட்டத்திலும் கொஞ்சம் செத்துக்கொண்டே வருகிறது. இது இன்றியமையாததும் அன்று: வெறுங்காலோடு ஓடிப் பேர்பெற்ற சிவ்நாத் சிங் 1978-ல் ஜலந்தரில் 2 மணி 12 நிமிஷத்தில் ஓடிய தேசிய சாதனை, கார்பன் ஷூக்கள் வந்து பல வருஷங்கள் கழிந்த பின்னும் அசையாமல் நின்றது.

"பத்து கிலோமீட்டருக்கு அரை நிமிஷம், அதுக்கு இருபதாயிரம்" என்று கணக்கை முடித்தார் தகப்பனார். பையன் தலையைக் குனிந்துகொண்டு, "அந்த அரை நிமிஷந்தானுங்கப்பா எனக்குக் குறையுது" என்றான். அவர் சற்றுநேரம் பேசவில்லை. பிறகு லாரியின் டயர்க் கணக்கு நோட்டை எடுத்தார்; எந்த டயர் எந்தத் தேதியில் மாட்டப்பட்டது, எத்தனை கிலோமீட்டரில் கழற்றப்பட்டது என்று வருஷக்கணக்காகக் கோடு போட்டு எழுதிவரும் நோட்டு அது. கடைசிப் பக்கத்தில் புதிதாகக் கோடு கிழித்து, தேதி போட்டு, "ஷூ, ஒரு ஜோடி" என்று எழுதி, ஓடிய தூரத்துக்கு நேரே பூஜ்யம் போடாமல், முதல் ஞாயிற்றுக்கிழமையின் பத்தையும் பரீட்சையின் பன்னிரண்டையும் கூட்டி 22 என்று குறித்தார். "இனி பந்தயத்தன்னைக்கு மட்டும் மாட்டு" என்று சொல்லி நோட்டை மூடினார்.