குரல்வளையை எட்டுவது எளிதா? அறுவைக்கு முன் செய்யப்படும் சோதனைகள்

ஓயாது உரக்கப் பேசுவோருக்குக் குரல் கம்முவது புதிதன்று. ஆசிரியர்களிடையே இது மிகுதியாகக் காணப்படுகிறது. ஓய்வினாலும் குரற்பயிற்சியினாலும் பெரும்பாலோர் குணமடைவர். ஆயினும், குரல் நாண்களில் தோன்றிய சதை வளர்ச்சி நீங்காவிடினும், புற்றுநோயோ என்னும் ஐயம் எழினும், அறுவை சிகிச்சை தேவைப்படும். அப்போது மருத்துவர் முதலில் ஆராய்வது, நோயாளியின் குரல்வளையை எளிதில் காண இயலுமா என்பதே.

அறுவைக்குப் பயன்படும் குரல்வளை நோக்கி வளையாத உலோகக் குழல். வாயும் தொண்டையும் ஒரே நேர்கோட்டில் அமைந்தவை அல்ல. ஆகவே, கழுத்தை முன்வளைத்துத் தலையைப் பின்னே சாய்த்து, நாவை ஒதுக்கிய பின்னரே குரல்வளை கண்ணுக்குப் புலப்படும். மயக்க மருந்தும் தசைத் தளர்வு மருந்தும் பெற்றவர் தாமாகச் சுவாசிக்க இயலாது. பிராணவாயு செலுத்தும் வழிகள் யாவும் தடைப்பட்டால், சில நிமிடங்களில் உயிருக்கே ஆபத்து நேரும்.

இந்தியாவில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய மல்லம்பட்டி என்னும் மயக்கவியல் மருத்துவர், 210 நோயாளிகளை ஆராய்ந்து 1985-இல் எளிய சோதனையொன்றை வெளியிட்டார். நோயாளி அமர்ந்தவாறு வாயை அகலத் திறந்து நாவை நீட்டுகிறார். உள்நாக்கும், மெல்லண்ணமும், தொண்டையின் பக்கத் தூண்களும் தெரிந்தால் முதல் வகுப்பு. உள்நாக்கு நாவின் அடியில் மறைந்தால் இரண்டாம் வகுப்பு. மெல்லண்ணம் மட்டும் தெரிந்தால் மூன்றாம் வகுப்பு. அதுவும் தெரியாத நிலை, 1987-இல் பிறரால் நான்காம் வகுப்பாகச் சேர்க்கப்பட்டது.

வேறு அளவைகளும் உள. முன்பற்களிடையே திறப்பு 3 செ.மீ.க்குக் குறைந்தாலும், தலையை நன்கு பின்சாய்த்த நிலையில் மோவாய்க்கும் குரல்வளை மேட்டுக்கும் இடைவெளி 6 செ.மீ.க்குக் குறைந்தாலும் இடர் எதிர்பார்க்கப்படும். துருத்திய மேற்பற்கள், குறுகிய கீழ்த்தாடை, தடித்த அல்லது விறைத்த கழுத்து ஆகியனவும் கவனிக்கத்தக்கவை. நம் நாட்டில் பாக்கும் குட்காவும் இடைவிடாது மெல்வோருக்குக் கன்னத்தின் உட்புறம் நார்போல் இறுகி, வாய் திறப்பது குறைவதுண்டு.

எனினும், எந்தச் சோதனையும் தனித்து முற்றும் நம்பத்தக்கதன்று. 2018-இல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பின்படி, இடருள்ளோர் பலரை இச்சோதனைகள் தவறவிடுகின்றன. கீழ்ப்பற்களால் மேலுதட்டைக் கடிக்கச் சொல்லும் சோதனையே அவற்றுள் சற்று மேலானது. ஆதலால், பல குறிகளைச் சேர்த்து நோக்குவதுடன், குறி ஏதும் இல்லாதவருக்கும் மாற்று வழி ஆயத்தமாக வைக்கப்படும். இடர் பெரிதெனத் தோன்றினால், நோயாளி விழித்திருக்கும்போதே, மரத்துப்போகும் மருந்திட்டு, வளையும் நோக்கியின் துணையால் சுவாசக் குழல் செலுத்தப்படலாம். சிலருக்குக் கழுத்தில் துளையிட்டுச் சுவாச வழி அமைக்க நேரிடும்.

நோயாளியின் வாய்மொழியும் இங்குப் பெருந்துணையாகும். முன்பு குழல் செலுத்துகையில் நேர்ந்த தொல்லை, பலத்த குறட்டை, ஆடும் பல், பொய்ப்பல், பாக்குப் பழக்கம் ஆகியவற்றை மருத்துவரிடம் மறையாது கூறவும், பழைய சிகிச்சைச் சீட்டுகளைக் கொண்டுசெல்லவும் களப்பணியாளர்கள் மக்களுக்கு அறிவுறுத்துதல் நலம்.