கன்றின் வளர்ச்சியில் பரம்பரையும் தாயும்

நெல்வயலுக்கும் மரக்கறித் தோட்டத்திற்கும் எரு தரும் மாட்டுப்பட்டி, கமக்காரருக்கு இடர்க்காலச் சேமிப்பாகவும் உதவுகின்றது. பணம் வேண்டியவிடத்து, கூடிய விலை பெறும் கொழுத்த நாம்பன்கன்றே முதலில் விற்கப்படும். வளர்ச்சி குன்றியது பட்டியில் எஞ்சிப் பசுக்களுடன் சேரும். இவ்வாறு தொடர்ந்து நிகழின், சில தலைமுறைகளில் பட்டி முழுவதும் சிறுத்துவிடும். எக்கன்றை வைத்திருத்தல் வேண்டும் என்பதைத் தெரிவதற்கு, அது எதனால் வளர்ந்தது என்பதை அறிதல் அவசியமாகும்.

பரம்பரையின் பங்கு

வளரும் இயல்பைக் கன்று தந்தையிடமிருந்து ஒரு பாதியும் தாயிடமிருந்து ஒரு பாதியும் பெறுகின்றது. ஆயினும், பால்குடி மறக்கும் வயதில் கன்றுகளிடையே காணப்படும் நிறை வேறுபாட்டில், ஏறத்தாழ நூற்றுக்கு 20 முதல் 30 பங்கே இவ்வியல்பினால் ஏற்படுவது. எஞ்சியதற்குத் தாயும், தீனும், நோயும், பருவமும் காரணமாகும். பால் மறந்தபின் தாயின் செல்வாக்குக் குறையும். கன்றின் சொந்த இயல்பு தெளிவாக வெளிப்படும்.

தாயின் பங்கு

தாய் தன் பரம்பரைப் பாதியைக் கொடுப்பதுடன் நில்லாது, கருப்பையையும் பாலையும் அளிக்கின்றது. 1938 ஆம் ஆண்டில் வோல்ற்றன், ஹமண்ட் என்னும் ஆங்கில ஆராய்ச்சியாளர் பெருத்த ஷயர் குதிரையையும் சிறிய ஷெட்லண்ட் குதிரையையும் இருவகையாகக் கலந்தனர். ஷயர் தாய் ஈன்ற குட்டி, ஷெட்லண்ட் தாய் ஈன்றதைவிட ஏறத்தாழ மும்மடங்கு நிறையுடையதாயிருந்தது. கருப்பையே குட்டியின் பருமனை மட்டுப்படுத்தியது.

மாடுகளிலோ இவ்விதி எப்பொழுதும் பொருந்தாது. பிராமன் காளைக்கும் ஐரோப்பிய இனப் பசுவிற்கும் பிறக்கும் கன்று, ஐரோப்பியக் காளைக்கும் பிராமன் பசுவிற்கும் பிறப்பதைவிடப் பெரியதாகும். ஆதலின், தாய் சிறிதாயின் கன்றும் சிறிதாகும் என நம்பிப் பேரினக் காளையைச் சிறிய நாகுடன் சேர்த்தல் ஆபத்தானது. ஈற்றின்போது தாயும் கன்றும் ஒருங்கே இறக்க நேரிடலாம்.

தாயின் வயதும் கருதத்தக்கது. இளந்தாய் தானும் வளர்ந்துகொண்டிருத்தலால் அதன் பால் குறைவு. அமெரிக்க வளர்ப்பாளர், ஏறத்தாழ ஏழு மாத வயதில் கன்றுகளை ஒப்பிடும்போது, இரண்டு வயதுத் தாயின் நாம்பன்கன்றுக்கு 27 கிலோகிராம் கூட்டிக் கணிப்பர்.

கமக்காரர் செய்யவேண்டியவை

1. ஒரே பருவத்திற் பிறந்த, ஒத்த வயதுத் தாய்களின் கன்றுகளையே ஒன்றோடொன்று ஒப்பிடுக.

2. இனவிருத்திக்குரிய நாம்பனைப் பால் மறந்து சில மாதங்கள் வளர்ந்தபின் தெரிவுசெய்க. அதன் தாயின் பாலையும் விசாரித்தறிக. அப்பாற்குணம் அதன் பெண்கன்றுகளுக்குச் செல்லும்.

3. கன்றின் கருப்பை வளர்ச்சியிற் பெரும்பகுதி இறுதி மூன்று மாதங்களில் நிகழ்வதால், அக்காலத்திற் சினைப்பசுவைப் பட்டினியிடலாகாது.

4. பிறந்த சில மணித்தியாலங்களுக்குள் கன்றுக்குக் கடும்புப்பால் ஊட்டுக. ஒரு நாள் கழிந்தால் அதன் நோய்த்தடுப்புச் சத்தைக் கன்றின் குடல் ஏற்காது.

5. இளநாகுகளை மிகையாகக் கொழுக்க வைத்தலைத் தவிர்க்க. மடியிற் கொழுப்புப் படிந்து, பிற்காலத்திற் பால் குறையும்.

நல்ல நாம்பன்கன்றை விற்றுப் பெறும் பணம் ஒருமுறையே பயன்படும். அதனைப் பட்டியில் நிறுத்தினால் வருங்கன்றுகள் யாவும் பயன்தரும்.