கரைமேல் சைக்கிள், படுகையில் நடை

நெதர்லாந்தின் நைமேகன் நகரிலிருந்து கிழக்கே சைக்கிளில் கிளம்புகிறவர்களுக்கு ஊர்ப்பெயர்கள் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, எண்கள் தெரிந்தால் போதும். பாதைகள் கூடும் இடத்திலெல்லாம் ஒரு கம்பம், அதில் ஓர் எண். போகவேண்டிய எண்களை ஒரு துண்டுத்தாளில் எழுதி வைத்துக்கொண்டால் நாள் முழுக்கச் சுற்றலாம். பெல்ஜியத்துச் சுரங்கப் பொறியாளர் ஹியூகோ போலன் வகுத்த முறை இது. 1995-இல் அங்கே லிம்பர்க் பகுதியில் தொடங்கி, பிறகு நெதர்லாந்து முழுக்கப் பரவியது.

நைமேகனிலிருந்து கிழக்கே போகும் பாதையில் பெரும்பகுதி வெள்ளத் தடுப்புக் கரையின் உச்சியில்தான் ஓடுகிறது. ரைன் நதி ஜெர்மனியைத் தாண்டி நெதர்லாந்துக்குள் நுழைந்ததும் பனெர்டன் அருகே இரண்டாகப் பிரிகிறது. தண்ணீரில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை அள்ளிக்கொண்டு மேற்கே போகும் கிளைக்கு வால் என்று பெயர். அதன் தென்கரையில் மிதித்துப் போகிறவருக்கு இடப்பக்கம் ஆறும் அதன் வெள்ளப்படுகையும், வலப்பக்கம் பள்ளத்தில் வயலும் வீடும். ஆற்றில் வெள்ளம் ஏறும்போது வலப்பக்கத்து வீடுகளின் தரை நீர்மட்டத்துக்குக் கீழே போய்விடும். இதைப் புரிந்துகொள்ள வரைபடம் எதுவும் வேண்டாம், இரண்டு பக்கமும் தலையைத் திருப்பிப் பார்த்தாலே போதும்.

ஓரிடத்தில் கரை காரணமே இல்லாமல் வளைவதுபோல் தெரியும். வளைவை ஒட்டி ஆழமான ஒரு குட்டை கிடக்கும். பழைய வெள்ளம் கரையை உடைத்துக்கொண்டு பாய்ந்தபோது தோண்டிய பள்ளம் அது. தூர்க்க முடியாத ஆழம் என்பதால், புதுக்கரையை அதைச் சுற்றிக் கட்டினார்கள். டச்சு ஆற்றுக்கரைகளில் இப்படிப்பட்ட வளைவுகள் நிறைய. சைக்கிளின் வேகத்தில்தான் இவை கண்ணில் படும். காரில் போனால் வெறும் திருப்பம். நடந்து போனால் வளைவின் முழு வடிவம் பிடிபடுவதற்குள் கால் வலித்துவிடும்.

ஆனால் மில்லிங்கர்வார்ட் வந்ததும் சைக்கிளைப் பூட்டிவிட்டு இறங்கத்தான் வேண்டும். படுகைக்குள் இருக்கும் இந்த இயற்கைக் காப்பகத்தின் உள்ளே பல இடங்களில் ஒழுங்கான பாதை கிடையாது. குதிரைகளும் மாடுகளும் மிதித்த தடமே நடைபாதை. போகிறவர் தன் இஷ்டத்துக்கு அலையலாம். விதி ஒன்றுதான் கண்டிப்பு: விலங்குகளிடமிருந்து குறைந்தது 25 மீட்டர் தள்ளி நிற்கவேண்டும்.

வில்லோ மரக்காடு, மணல்மேடு, நீர் தேங்கிய ஓடை என்று எதைப் பார்த்தாலும் ஆதிகாலத்து ஆற்றங்கரை என்றே தோன்றும். அது தோற்றம் மட்டும்தான். 1980-களில்கூட இது மேய்ச்சல் நிலமும் மக்காச்சோளக் கொல்லையுமாகவே இருந்தது. 1986-இல் ஒரு திட்டமிடல் போட்டியில் பரிசு வென்ற ‘நாரைத் திட்டம்’ படுகையைப் பற்றிய யோசனையை மாற்றியது. பிரான்ஸ் வேரா, டிர்க் சைமன்ஸ் உள்ளிட்ட அறுவர் வகுத்தது அது. விவசாயத்தைக் கரைக்கு உள்பக்கமே வைத்துக்கொள்வோம், படுகையை ஆற்றிடம் திருப்பிக் கொடுத்துவிடுவோம், ஒருநாள் கருநாரை திரும்பி வரட்டும் என்றார்கள்.

நல்ல யோசனைதான், பணத்துக்கு எங்கே போவது? விடை செங்கல் சூளையிலிருந்து வந்தது. ஒவ்வொரு வெள்ளமும் படுகையில் ஒரு படலம் களிமண்ணை விட்டுப் போகிறது. நூற்றாண்டுகளாகச் சேர்ந்த அந்தக் களிமண்தான் டச்சுச் செங்கலின் மூலப்பொருள். முன்பெல்லாம் சதுரம் சதுரமாகக் குழி வெட்டி எடுத்தார்கள். இப்போது அடியில் புதைந்து கிடக்கும் பழைய மணல்மேடுகளின் ஏற்ற இறக்கத்தை ஒட்டியே களிமண்ணை உரித்தெடுக்கிறார்கள். களிமண் நீங்கிய இடத்தில், ஆறு எப்போதோ ஓடிய கால்வாயின் தடம் மறுபடி வெளியே தெரிகிறது. சூளைக்குச் சரக்கு, ஆற்றுக்கு இடம், காப்பகத்துக்கு நிதி. சுற்றுச்சூழல்காரர்களும் செங்கல் முதலாளிகளும் ஒரே பக்கம் உட்கார்ந்த இந்தப் பேரத்தை எந்தக் கவிஞனும் பாடமாட்டான். ஆனால் வேலையை முடித்தது இதுதான்.

களிமண் போனபின் என்ன முளைக்கிறது என்பது நடப்பவர்களுக்கு மட்டுமே தெரியும் சங்கதி. கரும் பாப்லர் மரத்தின் விதை பஞ்சோடு பறந்து வரும். அதற்கு ஆயுள் மிகக் குறைவு. அந்தச் சிறிய அவகாசத்துக்குள், வெள்ளம் அப்போதுதான் வடிந்த, புல் மூடாத ஈர மணலில் விழுந்தாக வேண்டும். ஆற்றின் இரு ஓரத்தையும் கல்லால் கட்டிப் படுகையைப் புல்வெளியாக்கிய பிறகு அந்த ஈர மணல் கிடைக்கவில்லை, மரமும் நாட்டில் அரிதானது. மில்லிங்கர்வார்ட் மணலில் இப்போது அதன் கன்றுகள் தாமாக முளைக்கின்றன. கோடையில் நீர் வற்றும்போது வெளிப்படும் மணலைக் காற்று அள்ளிக் கரையோரம் குவிக்கிறது. அந்த மேடுகள் இன்னும் வளர்ந்துகொண்டிருப்பவை. மேல்நதியிலிருந்து வெள்ளத்தில் வந்த விதைகள் அவற்றில் பூக்கின்றன.

மேய்ப்பு இல்லாவிட்டால் எல்லா இடத்தையும் வில்லோ மூடிவிடும். அதற்காகத்தான் போலந்தின் கோனிக் குதிரைகளும் ஸ்காட்லாந்தின் காலோவே மாடுகளும் ஆண்டு முழுக்க இங்கே வெளியிலேயே வாழ்கின்றன. தொழுவம் கிடையாது. மாடு நாக்கால் சுற்றி நீண்ட புல்லைப் பறிக்கும், குதிரை பல்லால் தரையோடு கத்தரிக்கும். இரண்டும் மேய்வதால் ஒரு பக்கம் கட்டைப்புல், ஒரு பக்கம் புதர் என்று நிலம் திட்டுத்திட்டாக மாறுகிறது.

மூன்றாவது வேலையாள் பீவர். நெதர்லாந்தின் கடைசிப் பீவர் 1826-இல் ஐசல் ஆற்றங்கரையில் கொல்லப்பட்டது. 1988-இல் எல்பே நதியிலிருந்து சில பீவர்களைக் கொண்டுவந்து பீஸ்பாஷ் சதுப்புநிலத்தில் விட்டார்கள். 1994-இல் இந்தப் பகுதியிலும் விட்டார்கள். கூர்முனைப் பென்சில்போல் கடித்து நிறுத்திய மரக்கட்டைகள் ஓடையோரம் எங்கும் தென்படும். பீவர் இப்போது பெருகிவிட்டது, வெள்ளக்கரையிலேயே வளை தோண்டுகிறது. கரையைக் காப்பவர்களுக்கு இது சிரிப்புக்குரிய விஷயமல்ல.

1995 ஜனவரி இறுதியில் ஆறு ஏறியபோது, கரை தாங்காது என்று அஞ்சி இரண்டரை லட்சம் பேரை வெளியேற்றினார்கள். கரை தாங்கியது. ஆனாலும் இனி கரையை உயர்த்திக்கொண்டே போக முடியாது என்ற முடிவுக்கு அரசு வந்தது. ‘ஆற்றுக்கு இடம்’ என்ற பெயரில் 30-க்கும் மேற்பட்ட இடங்களில், ஏறத்தாழ 230 கோடி யூரோ செலவில் வேலை நடந்தது. ரைன் நொடிக்கு 16,000 கன மீட்டர் தண்ணீரைக் கொண்டுவந்தாலும் ஊர் மூழ்கக்கூடாது என்பது இலக்கு. நைமேகனுக்கு எதிரே லென்ட் ஊரில் கரையையே 350 மீட்டர் உள்ளே தள்ளி, புதிதாக ஒரு துணைக்கால்வாய் வெட்டினார்கள். அதற்காக ஐம்பது வீடுகள் வரை போயின. நைமேகனின் பாலங்களைக் கடக்கும் சைக்கிள்காரர் இப்போது இரண்டு ஆறுகளைத் தாண்டுவதுபோல் உணர்கிறார்.

காடும் வெள்ளமும் எப்போதும் ஒத்துப்போவதில்லை. அடர்ந்த மரம் வெள்ளத்தின் ஓட்டத்தைத் தடுத்து நீர்மட்டத்தை ஏற்றிவிடும். அதனால் நீர்வழியில் வளரும் வில்லோவைச் சில இடங்களில் வெட்டத்தான் வேண்டியிருக்கிறது. பார்த்தவர்களுக்குக் கோபம் வரும். வெட்டுகிறவர்களின் கணக்கும் பொய்யில்லை.

இதைவிடப் பெரிய சிக்கல் கண்ணுக்குத் தெரியாதது. ஆற்றை நேராக்கி, ஒடுக்கி, கப்பல் போக ஆழப்படுத்தியதில் அதன் அடித்தரை கடந்த நூறாண்டில் ஒரு மீட்டருக்கும் மேல் இறங்கிவிட்டது. தரை இறங்கினால் நீர்மட்டமும் இறங்கும், படுகைக்குத் தண்ணீர் ஏறிவரும் நாட்கள் குறையும். 2018, 2022 கோடைகளில் ஆறு மெலிந்தபோது சரக்குக் கப்பல்கள் பாதிச் சுமையோடுதான் போக முடிந்தது. லோபித் அருகே ஆற்றுக்குள் சரளையும் மணலும் கொட்டி அடித்தரையை நிலைநிறுத்திப் பார்த்தார்கள். பொறியாளர்கள் முன்பு தோண்டி எடுத்த ஆற்றிலேயே இப்போது திரும்பக் கொட்டுகிறார்கள். எவ்வளவு கொட்டவேண்டும், எத்தனை ஆண்டு கொட்டவேண்டும் என்ற கணக்கு இன்னும் முடியவில்லை.